பிச்சையன்று, உரிமை!

ஏழையின் நோய் கண்டு இரங்குவோர் எந்நாட்டிலும் உண்டு. இரங்கியதோடு நில்லாமல், அரசின் கடமை எங்கே என்று கேட்போர் சிலரே. அமெரிக்கக் கத்தோலிக்கர் அதைக் கேட்டனர்.

1965-ஆம் ஆண்டு அதிபர் ஜான்சன் கையொப்பமிட்ட சட்டத்தால் அங்கே பிறந்தது மெடிக்கெய்டு. வறியோரின் மருத்துவச் செலவை மத்திய அரசும் மாநிலங்களும் பகிர்ந்து ஏற்கும் திட்டம். அந்நாட்டில் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கு அதன் நிழலிலேதான் பிறக்கின்றன.

அந்த நிழல்தரு மரத்தின்மீது 2025-இல் கோடரி வீழ்ந்தது! செல்வருக்கு வரிச்சலுகை, வறியவருக்குச் செலவுக் குறைப்பு! வேலை செய்யும் வயதினர் பலர், மாதம் 80 மணி நேரம் உழைத்ததற்குச் சான்று காட்டவேண்டுமாம். 2034-க்குள் மேலும் ஒரு கோடிப் பேர் காப்பீடின்றி நிற்பர் எனக் கணித்தது அந்நாட்டு நாடாளுமன்றத்தின் வரவு செலவு அலுவலகமே!

கத்தோலிக்க ஆயர்கள் கண்டித்தனர். கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கம் எதிர்த்தது. கன்னியர் தொண்டு இருக்க, கருவூலம் எதற்கு என்பாருமுண்டு. அத்தொண்டு புரிவோரே சொல்கின்றனர், தொண்டு மட்டும் போதாதென்று! மருத்துவம் மனித உரிமை என 1963-இலேயே எழுதினார் போப்பாண்டவர் இருபத்து மூன்றாம் ஜான். உரிமையை இரந்து பெறுவானேன்?

ஆயினும் நடந்தது என்ன? மேலவையில் ஐம்பதுக்கு ஐம்பது! துணை அதிபர் வான்சின் ஒற்றை வாக்கால் சட்டம் வென்றது. அவரும் கத்தோலிக்கரே!

அறவுரை ஆலயத்தில் ஒலித்தது. அவையிலே ஒரு வாக்குக் குறைந்தது. அந்த ஒரு வாக்கைத் தேடுவதன்றோ அரசியல் தொண்டு!