அந்த முகங்கள் அனுதாபம் கேட்கவில்லை

"இந்தப் பழனிகுமாருக்குச் சாவையும் சாக்கடையையும் விட்டால் வேறு எதுவும் கண்ணில் படாதா?" என்று சலித்துக்கொண்டார் ஒரு நண்பர். முற்போக்காளர்தான். அப்படிச் சலித்துக்கொள்ள முடிவதே ஒரு சாதிச் சலுகை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

தோழர்களே, எம். பழனிகுமார் எடுப்பது சாவை அல்ல, முகங்களை. மதுரையில் மீன் விற்ற தாயின் மகன் அவர். திவ்யபாரதி இயக்கி 2017இல் வெளிவந்த 'கக்கூஸ்' ஆவணப்படத்தின் ஒளிப்பதிவாளர். மலக்குழி மரணம் என்றால் செய்திகளில் நாம் பார்ப்பது திறந்துகிடக்கும் குழியும் துணி மூடிய உடலும்தான். பழனிகுமாரின் படங்களிலோ, இறந்தவரின் மனைவி கணவரின் படத்தைக் கையில் ஏந்தி நம்மை நேராகப் பார்க்கிறார்.

அந்தப் பார்வைக்கு ஓர் அரசியல் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று 2021 ஜூலையில் மாநிலங்களவையில் சொன்னது ஒன்றிய அரசு. கழிவுநீர்க் குழாயிலும் மலத்தொட்டியிலும் இறந்தவர்கள் தனிக் கணக்காம்! யாருமே சாகவில்லை என்றால் இந்தப் பெண் யாருடைய படத்தை ஏந்தி நிற்கிறார்? சொல்லை மாற்றிப் பிணத்தை மறைப்பவர்களுக்கு எதிரான சாட்சியம் அந்த ஒளிப்படம்.

2022இல் அவருக்கு தயானிதா சிங் - பாரி ஆவண ஒளிப்பட விருது கிடைத்தது. நாம் கைதட்டினோம். நானும் அவர் படங்களைப் பகிர்ந்து, 'வலி' என்று ஒரு சொல் எழுதி, கடமை முடிந்ததென்று இருந்தேன். பிறகொரு நாள், நான் குடியிருக்கும் வீட்டின் மலத்தொட்டியைச் சுத்தம் செய்ய லாரி வந்தது. குழாய் மட்டும் இறங்கியதா, ஆளும் இறங்கினாரா? மாடியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை நான்.

பாதுகாப்புக் கருவிகள் இன்றி ஆளை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல்முறை என்றாலும் இரண்டு ஆண்டு வரை சிறை. உள்ளாட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் மட்டுமல்ல, வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். எந்திரம் வாங்கக் காசில்லாத நாடல்ல இது. எந்திரத்தைவிட மலிவாக ஆளைத் தருகிறது சாதி.

ஆகவே, அடுத்த முறை உங்கள் தெருவுக்கு லாரி வந்தால் கீழே இறங்கிப் போய் நில்லுங்கள். ஆளை இறக்கினால் தடுங்கள், புகார் கொடுங்கள். பழனிகுமாரின் படத்துக்கு விருப்பக்குறி போடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.