ஒரே நாள்ல நாலு டெஸ்ட் எதுக்குங்க?

மக்களே, இன்னிக்கு கொஞ்சம் சூடான பதிவு.

மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் பக்கமிருந்து திருக்கழுக்குன்றம் வழியா செங்கல்பட்டுக்கு பஸ் ஏறுற பொண்ணுங்க சில பேர் மடியில ஸ்கேன் கவர் இருக்கும். கல்யாணமாகி ரெண்டு வருஷம், குழந்தை இல்ல. உடனே உள் ஸ்கேன், ட்யூப் டெஸ்ட், எம்.ஆர்.ஐ., ஹிஸ்டெரோஸ்கோபி எல்லாம் சேர்த்து "பேக்கேஜ்"!

"எல்லாம் எடுத்துட்டா நிம்மதிதானே?"ம்பாங்க. இல்லைங்க. ஒவ்வொரு டெஸ்ட்டும் வேற வேற கேள்விக்குப் பதில் சொல்றது.

ட்யூப் டெஸ்ட்ங்கிற எச்.எஸ்.ஜி., மருந்து விட்டு எடுக்கிற எக்ஸ்ரே. குழாய் அடைப்பைக் காட்டும். கர்ப்பப்பையில ஆனா உள்பக்க நிழல் மட்டும்தான் தெரியும். நடுவுல தடுப்புச்சுவர் இருக்கா, இல்ல கர்ப்பப்பையே மேல ரெண்டா பிரிஞ்சிருக்கான்னு அதை வச்சுச் சொல்ல முடியாது. சுவர்னா ஹிஸ்டெரோஸ்கோபி வழியா வெட்டலாம். பிரிஞ்ச கர்ப்பப்பையில அப்படி வெட்டினா ஓட்டை விழும்! 3டி உள் ஸ்கேன் உள்ளே, வெளியே ரெண்டையும் காட்டிடும். உள்ள சின்னச் சதை வளர்ச்சி இருக்கான்னு சந்தேகமா? சலைன் விட்டுப் பார்க்கிற ஸ்கேன் போதும்.

எம்.ஆர்.ஐ. வேஸ்ட்டுன்னு சொல்லலை. நிறைய ஃபைப்ராய்டு கட்டி இருந்து ஆபரேஷன்னா அது உதவும். ஆனா காரணம் புலப்படாத குழந்தையின்மைக்கு அதை முதல் டெஸ்ட்டா எடுக்க வேணாம்னு ஐரோப்பிய கருவள மருத்துவச் சங்கமே 2023ல சொல்லியாச்சு.

ஹிஸ்டெரோஸ்கோபி? ஸ்கேன் நார்மலா இருந்து, முதல் ஐ.வி.எஃப்.க்குப் போன பெண்கள்கிட்ட நெதர்லாந்துல ஆராய்ஞ்சாங்க. 2016ல லான்செட்ல முடிவு வந்துச்சு. ஹிஸ்டெரோஸ்கோபி பண்ணவங்கள்ல 57 சதவீதம் பேருக்குக் குழந்தை, பண்ணாதவங்கள்ல 54. இது கணக்குல சொல்லிக்கிற வித்தியாசமே இல்லன்னு ஆய்வே சொல்லுது.

இதுல கொடுமை, புருஷனோட விந்துப் பரிசோதனை கடைசியில வரும், இல்ல வராமலே போகும். இருக்கிறதிலேயே சுலபமான டெஸ்ட் அதுதான். கடற்கரைக் கோயில் பக்கம் சங்கு, பாசி விக்கிற பொண்ணுக்கு ஒவ்வொரு டெஸ்ட்டும் ஒருநாள் வியாபாரம். வலியும் அவளுக்கு, பழியும் அவளுக்கா?

அதனால தோழிகளே, கேளுங்க: "டாக்டர், இந்த டெஸ்ட் எதுக்கு? ரிசல்ட் வேற மாதிரி வந்தா சிகிச்சை மாறுமா?" மாறாதுன்னா அந்தக் காசு கையிலயே இருக்கட்டும்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. டெஸ்ட்டே வேணாம்னு சொல்லவும் இல்லை. வரிசையா எடுங்கன்னுதான் சொல்றேன் :-)