இராமானுஜன் தவறவிட்ட எண்

டிசம்பர் 22 வந்துவிட்டால் பள்ளிதோறும் இராமானுஜன் படத்துக்கு மாலை சாத்தி, நாமகிரித் தாயார் கனவிலே சூத்திரம் அருளிய கதையையும், நோயுற்றுக் கிடந்தவரிடம் ஹார்டி சொன்ன 1729 என்னும் வாடகைக் கார் எண்ணின் கதையையும் சொல்லிக் கைதட்டிக் கலைந்துவிடுவது நமக்கு வழக்கமாகிவிட்டது. கதைகள் இனியவையே, எனினும் ஒரு கணித மேதையின் ஜயந்தியில் ஒரு கணக்குக்கூடப் போடாமல் எழுந்துபோவது, சங்கீத வித்வானின் ஜயந்தியில் ஒருவரும் வாய் திறந்து பாடாமல் சுண்டலோடு வீடு திரும்புவதை ஒத்ததென்பது என் அபிப்பிராயம்.

அவருடைய கணிதம் நமக்கெங்கே எட்டும் என்பார்கள். பெரும்பகுதி எட்டாது, மெய்தான். ஆயினும் 1915இல் லண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரையின் வாசற்படி வரையில் எட்டாம் வகுப்புக் குழந்தை தாராளமாக ஏறிவிடலாம். தன்னிலும் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு வகுத்திகளைப் பெற்ற எண்கள் எவை என்பதே அங்கே விஷயம். 60ஐ மீதியின்றி வகுப்பவை 12. அதற்குக் கீழுள்ள எதற்கும் பத்துக்கு மேல் இல்லை. நாளொன்றை 60 நாழிகையாக்கிய பழக்கத்தில், அரை, கால், மூன்றிலொன்று, ஐந்திலொன்று என்று எப்படிப் பங்கிட்டாலும் பின்னம் விழாத சௌகரியம் இருந்ததல்லவா?

இத்தகைய எண்களில் 102ஐ இராமானுஜன் கையாலேயே கணித்து அட்டவணையாக்கினார். அதன் கடைசி எண் 6746328388800. ஆறு இரண்டுகள், நான்கு மூன்றுகள், இரண்டிரண்டாக ஐந்தும் ஏழும், பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று ஆகியவற்றைப் பெருக்கினால் இது கிடைக்கும். அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், அதாவது 7, 5, 3, 3, பின்னும் ஐந்து இரண்டுகள் என்று பெருக்கிச் சென்றால், வகுத்திகள் 10,080 என்று வந்து நிற்கும். பகா எண் பெரிதாக ஆக அடுக்கு ஒருபோதும் ஏறாது என்றும், 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றெல்லாவற்றிலும் கடைசி அடுக்கு ஒன்றே என்றும் அவர் நிரூபித்திருக்கும் அழகை வேறெந்த அற்புதத்துக்கும் நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

அந்த அட்டவணையில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது. விழா மேடைகளில் இதை யாரும் சொல்வதில்லை. தெய்வத்துக்குப் பிசகு நேரலாமோ! விடுபட்டதோ, கடைசி எண்ணை 23ஆல் வகுத்தாலே வந்துவிடும் எண்.

என் பேத்தியை அதை வகுக்கச் சொன்னேன். 198இல் 23 ஏழு தடவை போகும் என்று போட்டுத் தடுமாறி, அழித்து எட்டாக்கி, 293318625600ஐ எட்டியதும் நிமிர்ந்து பார்த்தாள். “இதை விட்டதுக்கு அவருக்கு மார்க் குறைச்சாங்களா தாத்தா?” இந்தக் கட்டுரைக்காகத்தான் 1916இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது என்றேன். அவளுக்கு அது நியாயமாகப் படவில்லை. தன் கணக்கு நோட்டை எடுத்து வந்து, சென்ற வாரம் அரை மார்க் போன இடத்தைக் காட்டினாள்.