மின்பட்டியல் அதிர்ச்சியும் அதன் மூலமும்

மாத முடிவில் கைக்குக் கிடைக்கும் மின்பட்டியலைப் பார்த்துத் திகைத்து நிற்பது இந்நாட்டின் நடுத்தர, வறிய குடும்பங்களுக்கு இன்று புதிய அனுபவமல்ல. எனினும், கட்டணத் திருத்தம் எதுவும் நிகழாத ஒரு மாதத்தில், வீட்டில் புதிய மின்சாதனம் எதுவும் வாங்கப்படாத நிலையில், பட்டியல் தொகை திடீரென ஒன்றரை மடங்காகவோ இரு மடங்காகவோ உயரும்போது அக்குடும்பம் அடையும் கலக்கம் வேறுவகையானது. யாரைக் கேட்பது, எங்கிருந்து ஆராயத் தொடங்குவது என்பது தெரியாமலேயே பலர், சிவப்பு அறிவித்தலுக்கு அஞ்சிக் கடன்பட்டேனும் பணத்தைச் செலுத்திவிடுகின்றனர். அடுத்த மாதமும் அதே தொகையே வருகின்றது.

2014 ஆம் ஆண்டு முதல் 2022 ஆகஸ்ட் வரை வீட்டுப் பாவனைக்கான மின்கட்டணம் உயர்த்தப்படவில்லை. மாதம் 60 அலகுகளைப் பாவித்த ஒரு குடும்பம் அக்காலத்தில் நிலையான கட்டணத்துடன் சேர்த்துச் செலுத்தியது 280 ரூபா 50 சதமாகும். பொருளாதார நெருக்கடியையடுத்து 2022 ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதத்தாலும், சர்வதேச நாணய நிதியத்தின் உதவியை எதிர்பார்த்திருந்த 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதத்தாலும் கட்டணம் உயர்த்தப்பட்டது. அதே 60 அலகுகளுக்கான தொகை 2,560 ரூபாவானது. அதாவது ஒன்பது மடங்கு. பின்னர் 2024 இலும் 2025 ஜனவரியிலும் கட்டணங்கள் குறைக்கப்பட்டதும், 2025 ஜூனில் 15 சதவீதத்தால் மீண்டும் உயர்த்தப்பட்டதும் வாசகர்கள் அறிந்தவையே. முன்னர் ஒரு குடும்பம் கவனியாது விடக்கூடியதாயிருந்த மின்விரயம், இன்று அதன் உணவுச் செலவில் கைவைக்கும் அளவுக்கு வந்துள்ளது.

பட்டியல் உயர்வதற்கான முதற்காரணம் பல வேளைகளில் கட்டண முறையிலேயே மறைந்துள்ளது. பாவனை 60 அலகுகளைத் தாண்டியதும், தாண்டிய அலகுக்கு மாத்திரமன்றி முதல் 60 அலகுகளுக்கும் உயர்ந்த வீதமே அறவிடப்படுகின்றது. நிலையான கட்டணமும் அடுத்த படிக்கு ஏறுகின்றது. 2023 பெப்ரவரிக் கட்டணத்தின்படி 60 அலகுகளுக்கு 2,560 ரூபா செலுத்தியவர் 61 அலகுகளுக்கு 3,212 ரூபா செலுத்த நேர்ந்தது. 90 இலிருந்து 91 அலகுக்குச் சென்றவருக்கு அந்த ஓர் அலகின் விலை 900 ரூபாவாயிற்று. வீதங்கள் பின்னர் மாறினவாயினும் படிமுறை மாறவில்லை. ஆகவே, பட்டியலைக் கையில் எடுத்ததும் ரூபாத் தொகையைப் பார்ப்பதற்கு முன்னர் அலகுகளின் எண்ணிக்கையையும், எத்தனை நாட்களுக்கான பட்டியல் என்பதையும், முன்னைய வாசிப்பையும் தற்போதைய வாசிப்பையும் பார்த்தல் வேண்டும். அந்த வாசிப்பு வீட்டு மின்மானியுடன் பொருந்துகின்றதா என்பதை ஒரு நிமிடத்தில் அறிந்துகொள்ளலாம். வீடு பூட்டிக் கிடந்தமையால் முன்னைய மாதத்தில் உத்தேசமாகக் கணக்கிடப்பட்டிருந்தால், அதன் மீதியும் இம்மாதத்தில் வந்து சேர்ந்திருக்கக்கூடும்.

எமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் அனுபவம் இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது. கொழும்பின் புறநகர்ப் பகுதியொன்றில் வாடகை வீட்டில் வசிக்கும் அக்குடும்பம் மாதாந்தம் 85 அலகுகள் வரை பாவித்து வந்தது. 2023 ஏப்ரலில் அது 130 அலகுகளாக உயர்ந்தது. 4,220 ரூபாவாக இருந்த பட்டியல் 7,280 ரூபாவானது. அது நோன்பு மாதமாகையால் ஸஹர் வேளையில் எரிந்த விளக்குகளும், சித்திரை வெக்கையில் இரவிரவாகச் சுழன்ற மின்விசிறிகளுமே காரணமென வீட்டார் முதலில் எண்ணினர். மின்மானி பழுதென அயலவர் கூறினர். குடும்பத் தலைவரோ பிள்ளைகளைக் கடிந்துகொண்டார்.

மின்னிணைப்பு வேலை தெரிந்த ஒருவர் வந்து பார்த்தபோதே உண்மை வெளிப்பட்டது. அவர் முதலில் பிரதான ஆளியை நிறுத்தினார், மின்மானியும் நின்றது. ஆகவே, மின்மானிக்கும் பிரதான ஆளிக்கும் இடையில் வேறெவரும் மின்சாரம் எடுக்கவில்லை என்பது தெளிவாயிற்று. பின்னர் எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிட்டுப் பிரதான ஆளியை மட்டும் இயக்கினார், மின்மானி அசையவில்லை. ஆகவே, சுவருக்குள் செல்லும் வயர்களில் கசிவு இல்லை. எஞ்சியவை சாதனங்களே. அவற்றை ஒவ்வொன்றாக இணைத்துப் பார்த்தபோது, யாரும் தண்ணீர் எடுக்காத நேரத்திலும் கிணற்று மோட்டார் இடைக்கிடை தானாகவே இயங்குவது தெரியவந்தது. கூரைத் தாங்கியிலிருந்து வரும் குழாயொன்று நிலத்துக்கடியில் வெடித்திருந்தது. நீர் குறையக் குறைய மோட்டார் அதனை நிரப்பிக்கொண்டேயிருந்தது.

கணக்கு எளிதானது. 1,000 வாட் சாதனமொன்று ஒரு மணித்தியாலம் இயங்கினால் ஓர் அலகு. 750 வாட் மோட்டார் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலங்கள் மேலதிகமாக இயங்கினால் ஒன்றரை அலகு. முப்பது நாட்களில் 45 அலகுகள். அக்குடும்பத்தின் மேலதிகப் பாவனையும் அதுவே. அலகுகள் ஏறத்தாழ அரைப் பங்கினால் உயர, படிமுறை காரணமாகப் பணமோ முக்கால் பங்களவில் உயர்ந்துவிட்டது. பிள்ளைகள் மீது வீணாகப் பழி விழுந்ததுதான் மிச்சம்.

இதே முறையில் ஆராய்ந்தால், இறப்பர் விளிம்பு தளர்ந்த குளிர்சாதனப் பெட்டி, சுடுநீர்க் கருவி, தினமும் ஓரிரு உடைகளுக்காகச் சூடாக்கப்படும் ஸ்திரிக்கை போன்றவற்றையும் கண்டறியலாம். சாதனங்கள் யாவும் கழற்றப்பட்ட பின்னரும் மின்மானி ஓடுமாயின் அது பணவிரயம் மாத்திரமன்று, உயிராபத்துமாகும். அவ்வேளையில் தகைமையுள்ள மின்னிணைப்பாளரை அழைப்பதே புத்தி. பிரதான ஆளி நிறுத்தப்பட்ட பின்னரும் ஓடுமாயின் விநியோக நிறுவனத்திடம் எழுத்துமூலம் முறையிட வேண்டும். உரிய பதில் கிடைக்காதவிடத்து, 2002 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவை நாடலாம்.

எனினும், பொறுப்பு முழுவதையும் பாவனையாளர் தலையில் சுமத்திவிட முடியாது. ஒரே மின்மானியில் இரண்டு மூன்று குடும்பங்கள் வாழும் வாடகை வீடுகள் நகரங்களில் ஏராளம். ஒவ்வொரு குடும்பமும் சிக்கனமாக 50 அலகுகளையே பாவித்தாலும், மொத்தப் பாவனை 150 ஆகி வசதி படைத்தவருக்குரிய வீதத்தில் அவர்கள் செலுத்த நேர்கின்றது. வறியவரைக் காக்கவென வகுக்கப்பட்ட படிமுறை அவரையே தண்டிக்கும் இந்த விநோதம் நீண்டகாலமாகத் தொடர்கின்றது. 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டமும் 2025 ஆம் ஆண்டின் திருத்தமும் மின்சார சபையின் பணிகளைத் தனித்தனிக் கம்பனிகளிடம் ஒப்படைக்க வழிசெய்தன. நிறுவனத்தின் பெயர்ப்பலகை மாறுவதால் மட்டும் பாவனையாளருக்கு நன்மை விளையாது. தனிச் சமையலறை கொண்டு வாழும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி மின்மானி பெறும் வழி இலகுவாக்கப்படல் வேண்டும். பாவனை வழமையை மீறி உயரும்போது அதனைச் சுட்டிக்காட்டும் ஒரு வரி, தமிழ் பேசும் மக்களுக்கு விளங்கும் தமிழில் பட்டியலில் இடம்பெறல் வேண்டும். இவை பெருஞ்செலவு பிடிக்கும் காரியங்களல்ல.

அதுவரை, வாரத்துக்கொரு முறை மின்மானியின் எண்களை ஒரு கொப்பியில் குறித்து வைக்கும் பழக்கத்தை ஒவ்வொரு வீட்டாரும் கைக்கொள்வது நல்லது. பாடசாலை செல்லும் பிள்ளையிடமே அப்பணியை ஒப்படைக்கலாம். மாத முடிவில் காத்திருக்கும் அதிர்ச்சியை முதல் வாரத்திலேயே அறிந்துகொள்ள அதனைவிட மலிவான வழி வேறில்லை.