நூறு லிங்கிங் வேர்ட்ஸும் ஒரு ‘தோ’வும்

பதிவு கொஞ்சம் நீளம். வகுப்பில் 45 நிமிடம் என்னைத் தாங்கியவர்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு தம்பி (இப்போது அவனும் ஆங்கில ஆசிரியர்) ‘கட்டுரையில் முழு மதிப்பெண் பெற நூறு லிங்கிங் வேர்ட்ஸ்’ என்று ஒரு பிடிஎஃப் போட்டிருந்தான். நிறையப் பேர் கைகூப்பி நன்றி சொல்லியிருக்கிறீர்கள். நான் சொல்ல மாட்டேன். அந்தப் பட்டியல் பிள்ளைகளைக் கெடுக்கிறது. முப்பது வருஷம் அதே பட்டியலைக் கரும்பலகையில் எழுதிப்போட்ட பாவி நான். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

பட்டியலைத் திறந்து பாருங்கள். ‘மாறுபாடு’ என்று ஒரு கட்டம். அதற்குள் ‘பட்’, ‘ஹவெவர்’, ‘ஆன் தி அதர் ஹேண்ட்’, ‘ஆன் தி கான்ட்ரரி’ எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரே கட்டத்தில் இருந்தால் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடலாம் என்றுதானே பிள்ளை நினைக்கும்? ‘ஆன் தி அதர் ஹேண்ட்’ என்றால், முன்னே சொன்னதும் சரி, இந்தப் பக்கத்தையும் பார் என்று அர்த்தம். ‘ஆன் தி கான்ட்ரரி’ என்றால், முன்னே சொன்னது தப்பு, உண்மை அதற்கு நேர் எதிர் என்று அர்த்தம். “அண்ணன் சென்னையில் இருக்கிறான், ஆன் தி கான்ட்ரரி தம்பி மதுரையில் இருக்கிறான்” என்கிற ரகத்தில் எத்தனை விடைத்தாள் திருத்தியிருப்பேன்! ‘ஹவெவர்’ இன்னொரு தொல்லை. ‘பட்’ மாதிரி வெறும் கமாவை வைத்து இரண்டு வாக்கியத்தை அது ஒட்டாது. முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். இதெல்லாம் அந்தப் பிடிஎஃப்பில் எங்கே இருக்கிறது?

இணைப்புச் சொல்லை நாம் ஏதோ ஜரிகை மாதிரி நினைக்கிறோம். அது எழுதுகிறவன் சொல்லும் ஒரு கருத்து. தமிழிலேயே பாருங்கள். ‘அவன் வந்தான்’ என்பது ஒரு செய்தி. ‘அவனும் வந்தான்’ என்றால் வேறு யாரோ வந்ததையும் சேர்த்துச் சொல்லிவிட்டீர்கள். யாரும் வராதபோது அப்படிச் சொன்னால் அது பொய். தொல்காப்பியர் இடைச்சொல்லுக்கென்று இடையியல் என ஒரு தனி இயலே வைத்து, இந்த ஒரு ‘உம்’முக்கு மட்டும் எட்டுப் பொருள் சொல்கிறார். நாம் நூறு சொல்லை ஒரே பக்கத்தில் அடைத்துக் கொடுத்துவிட்டு, எங்காவது போட்டுக்கொள் என்கிறோம்.

இனி என் வண்டவாளம். வாக்கியங்களை இணைக்கும் பயிற்சியில் அடிக்கடி வருமே, ‘தோ ஹி ஈஸ் புவர், ஹி ஈஸ் ஆனஸ்ட்’. ஏழையாக இருந்தாலும் அவன் நேர்மையானவன். வருஷா வருஷம் நடத்தியிருக்கிறேன். ஒரு தடவை செங்கல் சூளையில் வேலை பார்த்தவரின் பையன் எழுந்து, “சார், எங்கப்பா புவர்தான். அதுல ‘தோ’ எதுக்கு சார்?” என்றான். வகுப்பே சிரித்தது. “கிராமரை மட்டும் பாருடா, உட்கார்” என்றேன். உட்கார்ந்துவிட்டான். ஏழை என்றால் திருடுவான் என்று உலகம் எதிர்பார்ப்பதாக அந்தச் சின்னச் சொல் சொல்கிறது. அது அவனுக்குக் கேட்டது, எம்.ஏ. படித்த எனக்குக் கேட்கவில்லை. தம்பி, இதை நீ படிக்கிறாய் என்றால், அன்று உட்காரச் சொன்னதற்கு மன்னித்துக்கொள்.

இப்போது இதை எழுத வைத்தவள் என் தங்கை பேத்தி. நர்ஸ். ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் ரைட்டிங்கில் 6. அவளுக்கு வேண்டியது 7. கட்டிய பணம் வேறு போயிற்று. “லிங்கர்ஸ் பத்தல, இன்னும் போடு” என்று கோச்சிங் சென்டரில் சொன்னார்களாம். தேர்வு நடத்துபவர்கள் வெளியிட்டிருக்கும் மதிப்பீட்டு விளக்கத்தை யாராவது படித்தார்களா? இணைப்புச் சொற்களை அளவுக்கு மேல் போடுவதை 5ஆம் பேண்டிலேயே குறையாக வைத்திருக்கிறார்கள். இயந்திரத்தனமான இணைப்பு என்பது 6. இணைப்பு கண்ணில் படுவதே மிக அரிது என்னும் அளவுக்கு இயல்பாக இருந்தால்தான் 9. குழந்தைக்குச் சீதபேதி, சென்டர்க்காரர் விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார்.

அவள் கட்டுரையை நானும் அவளும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தோம். 14 இணைப்புச் சொற்கள். ஒவ்வொன்றாக அடித்துவிட்டுப் படித்தோம். 9 இடத்தில் ஒரு நஷ்டமும் இல்லை. 2 இடத்தில் மட்டும் அர்த்தம் கெட்டது, ஒன்று ‘பிகாஸ்’, இன்னொன்று ‘அன்லெஸ்’. மீதி 3 இடம்தான் விஷயம். “பார்வையாளர்கள் நோயாளிக்கு ஆறுதல் தருகிறார்கள். மோர்ஓவர், வார்டில் கூட்டம் அதிகமாகிறது” என்று எழுதியிருந்தாள். ஒன்று ஆதரவு, ஒன்று எதிர்ப்பு. நடுவில் ‘மோர்ஓவர்’ என்ன செய்கிறது? “அது ‘பட்’டா ‘ஸோ’வான்னு எனக்கே தெரியல தாத்தா, அதான் பெருசா ஒண்ணு போட்டேன்” என்றாள். ஓட்டைக்கு முன்னால் திரைச்சீலை. “சரி, வார்டில் நீ என்ன பார்த்தாய், அதைச் சொல்லு” என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினாள்: “பார்வையாளர்கள் தாங்கள் பார்க்க வந்தவருக்கு ஆறுதல் தருகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரை எழுப்பிவிடுகிறார்கள்.” ஒரு லிங்கரும் இல்லை. எங்கே அறுந்திருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.

ஹாலிடேயும் ஹசனும் 1976இல் எழுதிய புத்தகத்தில் ஆங்கில வாக்கியங்கள் ஒன்றோடொன்று பிணைய ஐந்து வழி காட்டினார்கள். இணைப்புச் சொல் அதில் ஒன்றுதான். ‘ஹி’, ‘திஸ்’ மாதிரிச் சுட்டுவது, சொன்ன சொல்லையே திரும்ப எடுப்பது என்று மற்றவை எல்லாம் வேலை செய்துகொண்டுதான் இருக்கின்றன. நாம் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம்.

“சார், சுமாராப் படிக்கிற பையனுக்கு ஊன்றுகோல் வேண்டாமா?” என்று கேட்பீர்கள். வேண்டும். ‘அண்ட்’, ‘பட்’, ‘ஸோ’, ‘பிகாஸ்’, ‘இஃப்’, ‘அன்லெஸ்’. ஆறு போதும், ஒரு வருஷத்துக்கு. ஒவ்வொரு தடவை போடும்போதும் ‘இது எதுக்கு?’ என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாவிட்டால் அடிக்கச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டில் ‘அன்லெஸ்’ஸைத் தப்பாகப் படித்தால் ஆபத்து. ‘ஃபர்தர்மோர்’ தெரியாததால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது.

பிடிஎஃப் போட்ட தம்பி, அதைக் குழுவிலிருந்து எடுத்துவிடு. என்மேல் கோபமிருந்தால் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, அம்மா தோசை வார்ப்பாள், சண்டை போடலாம். வரும்போது உன் வகுப்புக் கட்டுரை நோட்டு பத்து எடுத்து வா, சேர்ந்து அடிப்போம்.

சொந்தக்காரர்களுக்கு ஒன்று. பிள்ளை அடுத்த மாதம் மூன்றாவது தடவை எழுதுகிறாள். கல்யாண வீட்டில் பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேளுங்கள், ஸ்கோர் கேட்காதீர்கள்.