ஊர்க்காத்து சுத்தம்னு யாரு சொன்னது?

பொங்கலுக்கு வந்த சென்னை உறவுக்காரர் எங்க வாசல்ல நின்னு மூச்சை நல்லா இழுத்து விட்டுட்டு, "குடுத்து வச்சவங்க மாமா நீங்க, என்னா காத்து!"ன்னார். உள்ள ஆறு வயசுப் பேரனுக்கு நெபுலைசர் ஓடிக்கிட்டிருந்துச்சு.

எங்க கருவேப்பிலங்குறிச்சி விருத்தாசலம் – ஜெயங்கொண்டம் ரோட்டுல இருக்கு. அரியலூர் பக்கத்து சிமெண்ட், ஜல்லி, சீசன்ல கரும்பு, எல்லாம் இந்த வழியாத்தான் போவுது. நீங்க கட்டுற அடுக்குமாடிக்குப் போற சிமெண்ட் லாரி எங்க புள்ளைங்க மூக்கு வழியாத்தான் போவுதுன்னு சொன்னா கோவிச்சுக்காதீங்க. காலையில எட்டரைக்கு பஸ்ஸுக்கு நிக்கிற புள்ளைங்களைப் பாருங்க. லாரியோட புகைக்குழாய் சரியா அதுங்க மூஞ்சி உயரத்துல இருக்கு. பெரியவங்களை விடச் சின்னப் புள்ளைங்க வேகமா மூச்சு விடும். அதோட நுரையீரல் இன்னும் வளந்துகிட்டு இருக்கு.

சென்னைக்குள்ள கூட்ட நேரத்துல கனரக வண்டியை விடுறதில்லை. சரியான சட்டம். அதே சட்டம் எங்க பள்ளிக்கூட நேரத்துக்கு ஏன் இல்லை? 2019ல மத்திய அரசு தேசிய சுத்தக் காற்றுத் திட்டம் கொண்டாந்துச்சு. பேர் நல்லாத்தான் இருக்கு, ஆனா கணக்கு முழுக்க நகரங்களுக்கு. எங்க ஊர்ல காத்தை அளக்க ஒரு மெஷின் கிடையாது. அளக்காத ஊர்ல மாசும் கிடையாது, அவ்வளவுதான்!

டெல்லியில புகைன்னா உடனே வைக்கோல் கொளுத்துற விவசாயியைக் காட்டுறாங்க. அதுல உண்மை இல்லாம இல்லை. நானும் கரும்புச் சோகைக்கு நெருப்பு வச்சவன்தான், இப்ப விட்டுட்டேன். ஆனா லாரிப் புகையை எவன் கேக்குறான்? புகைச் சான்று இல்லேன்னா 10,000 ரூபா வரைக்கும் அபராதம்னு சட்டம். போன வருசம் என் பைக்குக்குச் சான்று வாங்கப் போனேன். நம்பர் பிளேட்டை போட்டோ எடுத்தான், காயிதத்தை நீட்டினான். இஞ்சினை ஸ்டார்ட் பண்ணவே சொல்லலை. எந்தக் கடைன்னு சொல்ல மாட்டேன், எனக்கும் அவசரம், வாங்கிகிட்டுத்தானே வந்தேன்.

லண்டன்ல பெரிய ரோட்டோரம் வளந்த எல்லான்னு ஒரு பொண்ணு, ஒம்பது வயசு, ஆஸ்துமாவுல 2013ல செத்துப்போச்சு. அந்தச் சாவுக்குக் காத்து மாசும் ஒரு காரணம்னு 2020 டிசம்பர்ல விசாரணை அதிகாரி எழுதினார். அந்த ஒரு வரிக்காக அதைப் பெத்தவ வருசக்கணக்கா அலைஞ்சா. இங்க "சளி, இழுப்பு"ன்னு சீட்டுல எழுதி முடிச்சிடறாங்க.

நான் கேக்குறது பெருசில்லை. பள்ளிக்கூடம் போற நேரம், விடுற நேரம் லோடு லாரியை நிறுத்தி வைங்க. தார்ப்பாய் போடாம ஜல்லி, மண்ணு ஏத்தாதீங்க. இஞ்சினை ஓட விட்டு, புகையைப் பாத்து சான்று குடுங்க.

திங்கட்கிழமை கடலூர் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோட போறேன். பேரனோட மருந்துச் சீட்டும் கூட வச்சிருக்கேன்.