தலைகீழாய்த் தொங்குபவன்: குறியீட்டு விளக்கமும் வரலாற்று மறைப்பும்

குறியீடுகளுக்குப் பொருளுரைப்போரிடையே, அவற்றைக் காலமும் இடமும் கடந்த மெய்ஞ்ஞானத்தின் வடிவங்களாகக் கொள்ளும் போக்கு மேலோங்கி நிற்கின்றது. டாரட் எனப்படும் ஐரோப்பியச் சித்திரச் சீட்டுக்களுட் பன்னிரண்டாவதான ‘தொங்கும் மனிதன்’ இதற்குத் தக்க சான்றாகும். ஒரு காலிற் கட்டுண்டு தலைகீழாகத் தொங்கும் இளைஞனைத் தியாகத்தின் சின்னமென்றும் அகவிழிப்பின் சின்னமென்றும் விளக்குவர். இவ்விளக்கம் எக்காலத்தது என வினவுவார் மிகச் சிலரே.

டாரட் சீட்டுக்கள் 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வட இத்தாலியிலே தோன்றியவை. அவை விளையாட்டுக்கென ஆக்கப்பட்டவை; குறி சொல்லும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டிலேயே பரவலாயிற்று. அக்கால இத்தாலிய மக்களுக்கு இவ்வுருவம் புதிரன்று. துரோகிகள், கடன் தீர்க்காது ஓடியோர் ஆகியோரின் உருவங்களை இழிவு தோன்றப் பொதுச் சுவர்களில் வரைவித்தல் நகர அரசுகளின் தண்டனை முறையாக இருந்தது. தப்பியோடியவனின் உடல் கிட்டாதபோது அவனது மானமே தூக்கிலிடப்பட்டது. புளோரன்சில் 1440இல் மெடிச்சி குடும்பத்தின் எதிரிகளை இவ்வாறு வரைந்த அந்திரேயா டெல் கஸ்தாஞோ என்ற ஓவியருக்குத் ‘தூக்கிலிடப்பட்டோரின் அந்திரேயா’ என்ற பட்டப்பெயரே நிலைத்தது. பழைய இத்தாலிய வழக்கிலே இச்சீட்டிற்குத் ‘துரோகி’ என்ற பெயரும் இருந்தமை ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இவ்வரலாற்றை மறைத்த பணி 1781இல் தொடங்கிற்று. பிரான்சிய அறிஞரான கூர் டி ஜெபெலின், டாரட்டினை எகிப்திய ஞானநூல் என அறிவித்தார். எகிப்திய எழுத்துக்களைச் சம்போலியோன் படித்தறிந்தது 1822இலேயே என்பதை நினைவிற் கொண்டால், அக்கூற்றின் வலிமை புலனாகும். தொங்குபவனை அவர் ஒற்றைக் காலில் நிற்கும் ‘விவேகம்’ எனக் கொண்டு, சீட்டுச் செய்தோனே படத்தைத் தலைகீழாக்கினான் என்றார். கொள்கைக்கு இணங்காத படமே புரட்டப்பட்டது! 1909இல் வெளியான சீட்டுத் தொகுதியில், வெயிற்றின் கருத்திற்கிணங்கப் பமீலா கோல்மன் சிமித் வரைந்த தொங்குபவனின் தலையைச் சுற்றி ஒளிவட்டம் எழுந்தது. முகத்தில் வேதனையின் சாயலுமில்லை.

குறியீடு காலந்தோறும் புதுப்பொருள் பெறுமன்றோ என வாதிடுவாருமுளர். பெறும், அதனை மறுப்பாரில்லை. ஆயின் நேற்றுப் புனைந்த பொருளை ஆதிப்பொருளெனச் சாதிப்பது விளக்கமன்று, மோசடியாகும். அச்சுவரோவியத்தில் தொங்கியவன் தன்னிச்சையாகத் தலைகீழானவனல்லன். அவனைத் துரோகியெனப் பெயரிடும் அதிகாரம் யாரிடமிருந்தது, அப்பெயரால் நன்மையடைந்தோர் யாவர் என்பனவே அப்படம் எழுப்பும் வினாக்கள். தண்டனையைத் தவமாக்கும் விளக்கம் இவ்வினாக்களை எழவிடாது தடுக்கின்றது. தண்டித்தவனும் பார்வையினின்று மறைந்துவிடுகின்றான். கயிற்றைக் கட்டிய கையைக் காட்டாத எவ்விளக்கமும் அக்கைக்கே துணைபோவதாகும்.